ஊரடங்கு நாளில் பெரியவர்களுக்கான டயப்பர்: ஒரு பழைய ஸ்டோர் கீப்பரின் கணக்கு

வீட்டில் படுக்கையாக இருக்கும் பெரியவரை வைத்துக்கொண்டு கொரோனா ஊரடங்கைக் கடந்தவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "மறுபடி அப்படி ஒண்ணு வந்தா எத்தனை பாக்கெட் வாங்கி வைக்கணும்?" என்பதுதான். "ஒரு நாளைக்கு எத்தனை செலவாகுதுங்க?" என்று நான் திருப்பிக் கேட்பேன். "மூணு இருக்கும், நாலு... சில நாள் அஞ்சு" என்று இழுப்பார்கள். நாளைக்கு மூன்று என்பதற்கும் ஐந்து என்பதற்கும் மாதக் கணக்கில் 60 டயப்பர் வித்தியாசம். பத்து டயப்பர் கொண்ட பாக்கெட் என்றால் ஆறு பாக்கெட். செலவு தெரியாமல் இருப்பு வைக்க முடியாது.

நான் கோவை சிங்காநல்லூர் பக்கம் ஒரு நூற்பாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். பேரிங், பெல்ட், கிரீஸ் என்று எது வந்தாலும் வரவு, எது போனாலும் பற்று என எழுதியே பழக்கம். பக்கவாதத்துக்குப் பிறகு என் மனைவிக்கு இடது கை, இடது கால் வராது. சிறுநீரை அடக்கவும் முடியாது. பேச்சும் நினைவும் தெளிவாகவே இருக்கின்றன. இதை எழுதும்போதும் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். 2020 மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் 144 போட்டு, அன்றிரவே நாடு முழுக்க ஊரடங்கு என்று பிரதமர் அறிவித்தபோது எங்கள் வீட்டில் டயப்பர் கணக்கு நோட்டு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் ஒரு வாரம் எழுதுங்கள்

பழைய டைரி போதும். எத்தனை மணிக்கு மாற்றினீர்கள், முழுக்க நனைந்திருந்ததா, பாதியா, காய்ந்திருந்ததா, துணிக்குக் கசிந்ததா. பக்கத்தில் தண்ணீர், காபி குடித்த நேரம். ஒரு வாரம் எழுதினால் ஒழுங்கு ஒன்று தெரியும். எங்கள் வீட்டில் தெரிந்தது இது: காலை காபிக்குப் பின் ஒரு மணி நேரத்தில் ஒரு முறை, சாப்பிட்டதும் ஒரு முறை, பிற்பகல் முழுக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை, இரவு பலத்த நனைவு. அப்படியானால் இருபத்துநாலு மணி நேரமும் விலை கூடிய டயப்பர் எதற்கு? இரவுக்கு நல்ல டயப்பர், பகலில் பேடும் துணியும் என்று பிரித்தோம். தட்டுப்பாடு வந்த காலத்தில் எங்களைக் காப்பாற்றியது இந்தப் பிரிப்புதான், அலமாரியில் இருந்த இருப்பு அல்ல.

நோட்டை டாக்டரிடமும் காட்டுங்கள். நேரில் போக முடியாத நாட்களில் போனில் "அடிக்கடி போகுதுங்க" என்று சொல்வதைவிட, எழுதிய பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினால் அவருக்கு வேலை எளிது. 2020 ஏப்ரலில் தொடங்கிய இ-சஞ்சீவனி ஓபிடி வழியாக வீட்டிலிருந்தே அரசு மருத்துவரிடம் பேசும் வசதி அப்போது பலருக்குக் கைகொடுத்தது.

செலவைக் குறைப்பதும் இருப்புதான்

டயப்பர் போட்டாயிற்று, இனி கழிப்பறை எதற்கு என்று பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. உட்கார முடிந்த ஆளுக்குக் கமோடு வைத்த நாற்காலி ஒன்று வாங்கி, நேரம் பார்த்து உட்கார வையுங்கள். எழுந்ததும், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும், படுக்கப் போகும் முன்பும். நடுவே இரண்டு மணிக்கு ஒரு முறை. "வருதா?" என்று கேட்டுக் காத்திருக்காமல் கடிகாரத்தைப் பாருங்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பின் குடல் தானாகவே அசையும். அந்த நேரத்தில் உட்காரவைத்தால் மலமும் அங்கேயே முடிந்துவிடும். மலம் படாத டயப்பர் என்றால் தோலுக்குப் பாதித் தொல்லை இல்லை. நேரம் ஒத்துவந்துவிட்டால் நான்கு செலவாகும் இடத்தில் இரண்டோ மூன்றோதான் ஆகும்.

தண்ணீரைக் குறைக்காதீர்கள். டயப்பர் குறைவாக இருக்கிறதே என்று தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் கெட்டியாகி எரிச்சல் கூடும், அப்புறம் அடிக்கடி வரும், சிறுநீர்த் தொற்றும் வரும், மலச்சிக்கலும் சேரும். மலச்சிக்கல் இருந்தால் குடல் சிறுநீர்ப்பையை அழுத்திக் கசிவு அதிகமாகும். பகலில் நிறையக் கொடுங்கள், மாலை ஆறு மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம். கால் வீக்கம் உள்ளவர்களுக்குப் பிற்பகலில் காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்தால், காலில் தேங்கிய நீர் இரவுக்குக் காத்திராமல் படுக்கும் முன்பே சிறுநீராக வெளியேறும். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் காலையிலேயே போடலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

எதை வாங்குவது, எத்தனை

இடுப்பையும் புட்டத்தையும் நாடா வைத்து அளந்து, பெரிய அளவு எதுவோ அதை எழுதி வையுங்கள். ஃப்ரெண்ட்ஸ், லிஃப்ரீ, டிக்னிட்டி என்று பெயருக்குப் பெயர் மீடியம், லார்ஜ் அளவு கொஞ்சம் மாறும். பாக்கெட்டில் அங்குலமோ சென்டிமீட்டரோ போட்டிருப்பார்கள், அதைத்தான் பார்க்க வேண்டும். பெரிதாக வாங்கினால் அதிகம் தாங்கும் என்று நினைப்பது தவறு. தொடை ஓரம் இடைவெளி விழுந்து கசியும்.

நடமாடுகிறவர்களுக்கு ஜட்டி மாதிரி ஏற்றிப் போடும் பேன்ட் வகை வசதி. படுக்கையில் இருப்பவர்களுக்கு இருபக்கமும் ஒட்டும் டேப் வகை. எங்கள் வீட்டில் டேப் வகைதான். கமோடில் உட்கார்ந்து எழுந்த பிறகு டயப்பர் காய்ந்திருந்தால் அதையே திரும்ப ஒட்டலாம் என்பது தட்டுப்பாட்டுக் காலத்தில் பெரிய சேமிப்பு. டேப்பில் எண்ணெய்க் கையோ கிரீம் கையோ பட்டால் பிறகு ஒட்டாது, அதைக் கவனியுங்கள்.

இரவில் ஒன்றுக்குமேல் ஒன்றாக இரண்டு டயப்பர் போடுவார்கள் சிலர். வீண். உள்ளே இருப்பதன் வெளிப்புறம் பிளாஸ்டிக். அது நிரம்பினால் ஓரமாகத்தான் வழியும், இரண்டாவது டயப்பருக்குள் இறங்காது. அடியில் பிளாஸ்டிக் இல்லாத செருகு பேடு கிடைத்தால் அதை உள்ளே வைக்கலாம். அது நிரம்பியதும் கீழே விடும். படுக்கையில் விரிக்கும் அண்டர்பேடு தீர்ந்துபோனால் கவலைப்பட ஒன்றுமில்லை. சர்ஜிக்கல் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் ரப்பர் ஷீட், அதன்மேல் நான்காக மடித்த பருத்திப் புடவை, அவ்வளவுதான். ரப்பர் நேராகத் தோலில் படக் கூடாது.

இருப்பு பதினைந்து நாளைக்கு வேண்டும். நாளைக்கு நான்கு செலவு என்றால் 60 கையில், அதற்குக் கீழே இறங்கும் அன்றே அடுத்த ஆர்டர். ஆலையில் இதை மினிமம் ஸ்டாக் என்போம். ஆறு மாதத்துக்கு வாங்கிக் குவிப்பதை நான் சொல்ல மாட்டேன். ஆள் இளைத்தால் அளவு மாறும், உடல்நிலை மாறினால் வகையே மாறும், எலி கடிக்கும். உங்கள் பரணில் தூங்கும் பாக்கெட் இன்னொரு வீட்டில் இன்றைக்கு வேண்டியது. முதலில் வந்தது முதலில் செலவாகட்டும். புதிதாக வந்ததை அடியில் வையுங்கள். தரையில் வேண்டாம். பிரித்த பாக்கெட்டை மழைக்காலத்தில் இறுக்கிக் கட்டி வையுங்கள், ஈரக் காற்றைக் குடிக்கும்.

கடை மூடிய நாட்களில்

ஊரடங்கின் முதல் சில நாட்கள் எது அத்தியாவசியம் என்பதிலேயே குழப்பம். மார்ச் 29 அன்று உள்துறைச் செயலாளர் மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தில்தான் மளிகை என்பதில் சோப்பு, சானிட்டரி பேடு, டயப்பர் எல்லாம் அடங்கும் என்று தெளிவாகச் சொன்னார்கள். சரக்கு வண்டிகளையும் பொருள் பார்த்துத் தடுக்க வேண்டாம் என்றார்கள். சொன்னது டெல்லியில், சரக்கு வந்தது மெதுவாகத்தான். மருந்துக் கடைகள் மட்டும் எல்லாக் கட்டத்திலும் திறந்திருந்தன. ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னை, மதுரை, கோவையில் மளிகைகூட இல்லாத முழு ஊரடங்கு வந்தபோதும், 2021 மே 24 முதல் தளர்வுகளற்ற ஊரடங்கு வந்தபோதும் அப்படியே. அதனால் டயப்பரை சூப்பர் மார்க்கெட்டில் மட்டும் வாங்கிப் பழகியவர்கள் இப்போதே ஒரு மருந்துக் கடையிலும் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மருந்துக் கடை, ஒரு சர்ஜிக்கல் கடை. மூன்று போன் எண்களும் சுவரில் இருக்கட்டும். அரசு மருத்துவமனை இருக்கும் தெருவில் சர்ஜிக்கல் கடைகள் வரிசையாக இருக்கும். எங்களுக்குத் திருச்சி சாலைப் பக்கம். மொத்த விற்பனை வண்டி எந்தக் கிழமை வருகிறது என்று கேட்டு வைத்து, அதற்கு முதல் நாள் போன் செய்து சொல்லிவிடுங்கள். முழு ஊரடங்கு அறிவித்ததற்கும் அமலுக்கு வருவதற்கும் நடுவே கிடைக்கும் ஒன்றிரண்டு நாளில் சந்தையே கூடிவிடும். வயதானவரைக் கவனிக்கும் ஆள் அந்தக் கூட்டத்துக்குள் போகக் கூடாது. பதினைந்து நாள் இருப்பு இருப்பதே அதற்காகத்தான்.

பக்கத்துத் தெருக் கடை ஒன்றில் எம்ஆர்பியை மார்க்கரால் அழித்துவிட்டு வேறு விலை சொன்னார்கள். அச்சிட்ட விலைக்கு மேல் கேட்பது சட்டப்படி குற்றம். நுகர்வோர் உதவி எண் 1915. அவசரத்தில் வாங்கிவிட்டாலும் பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

தெருவைத் தகரம் வைத்து அடைத்துவிட்டால், வெளியே போய் வாங்கி வருவது தன்னார்வலரோ மாநகராட்சிப் பையனோதான். "டயப்பர் வேணும்" என்று மட்டும் சொன்னால் குழந்தை டயப்பர் வரும். காலி பாக்கெட்டின் முன்பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். கூடவே "பெரியவங்களுக்கு, டேப் வகை, லார்ஜ், 3 பாக்கெட், இது இல்லைன்னா இன்னது" என்று எழுதுங்கள். அந்த 'இல்லைன்னா' முக்கியம். அது இல்லாவிட்டால் பையன் வெறுங்கையோடு திரும்பி வருவான். சரி, குழந்தை டயப்பரே வந்துவிட்டால்? அடிப் பிளாஸ்டிக்கில் நாலைந்து இடத்தில் கத்தரியால் கீறல் போட்டு, பெரிய டயப்பருக்குள் செருகு பேடாக வைக்கலாம். பிரசவத்துக்குப் பின் வைக்கும் பேடும் பகல் நேரக் கசிவுக்கு உதவும். சாதாரண சானிட்டரி பேடு சொட்டுச் சொட்டான கசிவுக்கு மட்டும். சிறுநீரின் வேகத்துக்கு அது தாங்காது.

துணிக்குத் திரும்புதல்

நான்கு முழ வேட்டி, வாயில் புடவை. பழசாகப் பழசாக நல்லது, பலமுறை துவைத்த பருத்திதான் நன்றாக உறிஞ்சும். நீளவாக்கில் எட்டு மடிப்பாக மடித்து, நடுவில் ஒரு டர்க்கி டவல் துண்டு வைத்துத் தைத்துவிட்டால் பேடு. பெண்களுக்கு இறுக்கமான பருத்தி ஜட்டிக்குள் வைக்கலாம். ஆண்களுக்குக் கோவணத்தைவிடச் சிறந்த ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. அரைஞாண் கயிறு இருக்கிற ஆளுக்கு எதுவுமே வாங்க வேண்டியதில்லை. கோவணத் துணிக்குள் பேடை வைத்து முன்னும் பின்னும் செருகிவிடலாம்.

ஆண்களுக்குக் காண்டம் கதீட்டரும் (ஆணுறை மாதிரி வெளியே மாட்டும் குழாய்) யூரோபேகும் (சிறுநீர் சேரும் பை) இன்னொரு வழி. சரியான அளவாக இருக்க வேண்டும், தினமும் மாற்ற வேண்டும், கழற்றும்போது தோலைப் பார்க்க வேண்டும். கழன்று போகிறதே என்று சாதாரணப் பிளாஸ்திரியைச் சுற்றிலும் ஒட்டாதீர்கள். ரத்த ஓட்டம் நின்றுபோகும் ஆபத்து உண்டு. பை எப்போதும் சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாகத் தொங்கட்டும். உள்ளே டியூப் போட்டிருப்பவர்களுக்கு அதை மாற்ற வேண்டிய தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டு, ஒரு வாரம் முன்பே நர்ஸிடம் பேசிவிடுங்கள். ஊரடங்கு என்று தள்ளிப்போடும் விஷயம் இல்லை இது.

நாளைக்கு ஐந்து துணி செலவு என்றால் பதினைந்து வேண்டும்: உடலில், கொடியில், அலமாரியில். மழைக்காலத்தில் இன்னும் ஐந்து. முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு சோப்புத் தூளோடு சூடான தண்ணீரில் ஊறவைத்துத் துவைத்து, வெயிலில் காயப் போடுங்கள். வாசனைக்காகக் கம்ஃபர்ட் மாதிரி எதையும் விடாதீர்கள், துணி உறிஞ்சாது. டெட்டாலும் வேண்டாம், அந்த இடத்துத் தோல் எரியும். எங்கள் ஊரில் சிறுவாணித் தண்ணீர் தினமும் வராது. அந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். தண்ணீர் வரும் நாளுக்கு முதல் நாள் டயப்பர், வந்த நாள் துணி என்று நாங்கள் மாற்றிக்கொண்டோம்.

தோல்

துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாக. காய்ந்த பிறகு ஜிங்க் ஆக்ஸைடு கிரீம் மெல்லிசாக. அப்பினால் டயப்பர் உறிஞ்சாது. பவுடர் வேண்டவே வேண்டாம், நனைந்தால் கட்டிகட்டியாகி உரசும். மலம் பட்டால் அந்த நிமிடமே மாற்ற வேண்டும்; டயப்பர் எத்தனை மிச்சமிருக்கிறது என்று அப்போது பார்க்காதீர்கள். தினமும் ஒரு முறை வாலெலும்புப் பக்கம் வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு கணம் வெளுக்க வேண்டும். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றி இருப்பதைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். வெளுக்கவில்லை, கெட்டியாக இருக்கிறது என்றால் படுக்கைப்புண் ஆரம்பிக்கிறது. இரண்டு மணிக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைத்து, நர்ஸிடம் சொல்லுங்கள். சிவப்பைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளிகள் பரவினால் அது பூஞ்சை, அதற்கு மருந்து வேறு.

நாள் முழுக்கச் சிறுநீரே வராமல் அடிவயிறு உப்புவது, சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோடு திடீர்ப் பிதற்றல், இதில் எது வந்தாலும் ஊரடங்கெல்லாம் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

குப்பை

மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, டயப்பரை உள்பக்கமாகச் சுருட்டி அதன் டேப்பாலேயே ஒட்டி, செய்தித்தாளில் சுற்றித் தனிப் பையில் போடுங்கள். திடக்கழிவு விதிகளும் சுற்றித்தான் கொடுக்கச் சொல்கின்றன. எரிப்பது, சாக்கடையில் போடுவது எல்லாம் கூடவே கூடாது. குப்பை வாங்க வரும் அம்மாவிடம் "இது டயப்பர்ங்க" என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். கையால் பிரிக்கிறவர் அவர்தானே.

கொரோனா காலத்தில் வீட்டில் யாருக்காவது தொற்று என்றால் கணக்கு வேறாக இருந்தது. அந்த ஆளின் டயப்பர் மஞ்சள் பையில், மருத்துவக் கழிவாகப் போக வேண்டியிருந்தது. மலத்திலும் கொரோனா வைரஸின் தடயம் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். வார்டு சுகாதார ஆய்வாளரைக் கேட்டால் பையும் வண்டியும் ஏற்பாடானது. மாற்றும்போது மாஸ்க், ஜன்னல் திறந்து. கையுறை கிடைக்காத நாளில் சுத்தமான பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு செய்து, பிறகு சோப்பால் நன்றாகக் கழுவினால் போதும்.

கவனிக்கும் ஆள் படுத்தால்

2021 மே கடைசியில் தினசரித் தொற்றில் கோவை சென்னையையே தாண்டியது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு இருமல். எனக்கு வந்தால் என் மனைவிக்கு யார் டயப்பர் மாற்றுவது என்ற பேச்சை நான்தான் எடுத்தேன். "ஏனுங்க, நானிருக்கும்போது நீங்களே முடிவு பண்ணுவீங்களா?" என்றார். சரிதானே. அவர் சொன்ன ஆள் நான் நினைத்த ஆள் இல்லை. பக்கத்து வீட்டு மருமகள் நல்ல பெண், ஆனால் தினம் முகம் பார்க்க வேண்டிய இடம், கூச்சம். பொள்ளாச்சியில் இருக்கும் சித்தி மகள் வரட்டும் என்றார். மாவட்டத்துக்குள்ளேயே என்றாலும் ஊரடங்கில் அவர் எப்படி வருவார் என்பதையும் அன்றே பேசி வைத்தோம். உங்கள் வீட்டிலும் முதலில் அவரையே கேளுங்கள். யார் கை படலாம் என்று சொல்ல வேண்டியவர் அவர். யாரும் இல்லாத பெரியவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் கேட்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்பு நர்ஸ் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் கூட ஆளை விட மாட்டார்கள் என்ற நிலையும் அப்போது இருந்தது. அதனால் ஒரு பை தயாராக இருக்கட்டும்: இரண்டு நாளைக்கு டயப்பர், கிரீம், இரண்டு பழைய துணி, கவர்கள், மாற்று நைட்டி. பையின் மேல் பெயர். உள்ளே ஒரு தாள்: இடது கை வராது, வலது பக்கமாகத் திருப்பவும், டயப்பர் லார்ஜ், டேப், காலை எழுந்ததும் கமோடு கேட்பார், காக்க வைக்க வேண்டாம், ஒவ்வாத மருந்து இன்னது, போன் எண் இன்னது. இதே தாளின் நகல் அலமாரிக் கதவின் உள்பக்கம். மாத்திரை மாறினால் இரண்டு தாளையும் அன்றே மாற்றி எழுதி, பழையதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்; இரண்டு விதமாக இருந்தால் புதிதாக வருகிறவருக்கு எது சரி என்று தெரியாது.